கல்லைத் தாண்டிய செருப்பு

மங்கையர்க்கரசி ஒரு நாளைக்கு இரண்டு வேளைதான் சாப்பிடுவாள். சாபம் மட்டும் மூன்று வேளை. காலையில் பிள்ளைக்காம்பராவைத் திறந்து தொட்டில் சேலைகளை உதறும்போது ஒன்று. மத்தியானம் பிள்ளைகளைத் தூங்கப் போட்டதும் ஒன்று. பின்னேரம் கொழுந்தெடுத்துத் திரும்பும் தாய்மார் ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனபின், கதவைப் பூட்டும்போது ஒன்று. மூன்றும் ஒரே ஆளுக்குத்தான் போகும். கிரிமலைத் தோட்டத்துக் கோயில் தலைவர் இராமசாமிக்கு.

வாய்விட்டுச் சபிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அவர் எதிரே வந்தால் பாதையோரம் காறித் துப்புவாள், அவ்வளவுதான். திருவிழாவில் அவர் கையால் கொடுக்கிற விபூதியை வாங்கமாட்டாள். அவருடைய மனைவி செத்த அன்று வரிசை வீடுகளான பத்து லயமும் சாவு வீட்டில் கூடியிருக்க, இவள் தன் காம்பராவில் அடுப்பு மூட்டிக் கருவாடு பொரித்தாள். வாசனை அங்கே வரைக்கும் போகட்டும் என்று ஜன்னலையும் திறந்து வைத்தாள். செய்தது பாவம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தாள்.

பதினேழு வருசத்துக்கு முன்னால், இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, அவளுடைய புருசன் கிருஷ்ணகுமாரைப் பெரட்டுக்களத்திலிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள். இன்றுவரை ஆள் திரும்பவில்லை, உடம்பும் வரவில்லை. சண்டை என்னவோ வடக்கில்தான் நடந்தது. கலவானைப் பக்கத்துத் தேயிலை மலையில் கிடந்தவர்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், தமிழன் என்ற ஒரே சம்பந்தம்தான். எங்கோ குண்டு வெடித்தால் இங்கே ஆள் பிடிக்க ரவுண்டப் வரும்.

பெரட்டுக்களம் என்பது காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். ஒரு பக்கம் பிள்ளைக்காம்பரா, ஒரு பக்கம் கொழுந்து நிறுக்கும் மடுவம், மற்றப் பக்கமெல்லாம் சரிவு. உள்ளே வர ஒரே வழிதான். அந்த வழியின் வாயில், ஒரு பலா மரத்தடியில் முனியாண்டி கல் இருக்கிறது. முழங்கால் உயரத்துக் கருங்கல், அதற்கு மஞ்சளும் குங்குமமும். அந்தக் கல்லைச் செருப்புக் காலோடு யாரும் கடப்பதில்லை. கழற்றிக் கையில் எடுத்து, நாலு எட்டு வெறுங்காலில் நடந்து, அந்தப் பக்கம் போய்ப் போட்டுக்கொள்வார்கள். அன்னநடை போடும் கல்யாணப் பெண்ணும் அப்படித்தான், கசிப்புக் குடித்துவிட்டு நாலு காலில் வருகிறவனும் அப்படித்தான். யாரும் யோசித்துச் செய்வதில்லை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து காலுக்கே பழகிப்போன காரியம் அது. வெளியாட்களுக்கு இதெல்லாம் தெரியாது. தோட்டத்துரை சப்பாத்தோடுதான் போவார். அவரை யாரும் ஒன்றும் சொல்வதுமில்லை.

அன்று விடிந்ததும் விடியாததுமாக ஜீப்பில் துப்பாக்கியோடு வந்த ஆமிக்காரர்கள் ஆண்களை எல்லாம் பெரட்டுக்களத்தில் வரிசையாக முழந்தாளிட வைத்துத் தலையைக் குனியச் சொன்னார்கள். பெண்களை லயத்தைவிட்டு வெளியே விடவில்லை. மங்கையர்க்கரசி மட்டும் அதற்கு முன்பே பிள்ளைக்காம்பராவைத் திறக்க வந்து உள்ளே மாட்டிக்கொண்டாள். ஜன்னல் பலகையின் சந்து வழியாக எல்லாவற்றையும் பார்த்தாள்.

ஆளைக் காட்டிக் கொடுக்கத் தலையாட்டியைக் கொண்டுவந்தார்கள். தலையில் சணல் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. உடம்பு தெரியாதபடி மேலே ஒரு பெரிய மழைக்கோட்டு. இரண்டு கையும் பின்னால் கட்டிக் கிடந்தன. காலில் றப்பர் செருப்பு. வடக்கே வன்னியிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த ஆள் என்று பிறகு சொன்னார்கள். எல்லோரும் நம்பினார்கள்.

ஆனால் முனியாண்டி கல்லடிக்கு வந்ததும் அந்த ஆள் நின்றான். செருப்பைக் கழற்றினான். கையில் எடுக்க முடியாததால், கால் பெருவிரலால் இரண்டையும் தள்ளித் தள்ளிக்கொண்டு நாலு எட்டு வெறுங்காலில் வந்து, கல்லைத் தாண்டியபின் மறுபடி போட்டுக்கொண்டான். துவக்குக்காரன் அவன் தடுமாறுகிறான் என்று நினைத்து முதுகில் குத்தினான். முழந்தாளிட்டிருந்த ஆண்கள் யாரும் இதைப் பார்க்கவில்லை. பார்த்தது மங்கையர்க்கரசி மட்டும். வன்னிக்காரனுக்கு முனியாண்டி கல் எப்படித் தெரியும்?

தலையாட்டி வரிசையில் நடந்தான். ஒவ்வொருவராக நாடியைப் பிடித்து முகத்தைத் தூக்கிக் காட்டினார்கள். அவளுடைய அண்ணன் மகன் சதீஸ் முன்னால் வந்தபோது வெகுநேரம் நின்றான். சதீஸுக்கு அப்போது பதினெட்டு வயது. "மெயாத?" என்று சிங்களத்தில் கேட்டார்கள். இவனா என்று. சாக்குத் தலை இல்லை என்று ஆடியது. விலாவில் ஒரு இடி விழுந்தது. மறுபடி "மெயாத?" மறுபடியும் இல்லை. "எஹெனங் கவ்த?" அப்படியானால் எவன் என்று துவக்குக்காரன் கத்தினான். தலையாட்டி ஒரு எட்டு நகர்ந்து, சதீஸுக்குப் பக்கத்தில் இருந்த கிருஷ்ணகுமார் முன்னால் நின்றான். "மெயாத?"

சாக்குத் தலை ஒரு தடவை மேலும் கீழும் ஆடியது. அவ்வளவுதான்.

அந்த வாரமே அவள் தன் அண்ணன் தங்கையாவிடம் மட்டும் விசயத்தைச் சொன்னாள். ரவுண்டப் நடந்தபோது தங்கையா ஊரில் இல்லை. ரம்புக்கனையில் ஒரு சாவு வீட்டுக்குப் போய், நாலாம் நாள்தான் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஸ்டேசன் படியில் விழுந்துவிட்டதாகச் சொன்னார். முதுகெல்லாம் கன்றிப்போயிருந்தது, மங்கையர்க்கரசிதான் எண்ணெய் சுடவைத்துத் தடவிவிட்டாள்.

"அண்ணே, அவன் செருப்பக் கழட்டுனாண்ணே. நம்ம தோட்டத்துக்காரந்தான்."

தங்கையா குப்புறப் படுத்தபடியே கிடந்தார். தலையைத் தூக்காமலே பேசினார். "வெளிய மூச்சு விட்டுறாத தங்கச்சி. ஒன்னயும் தூக்கிருவாங்க. புள்ள அநாதயாப் போயிரும்."

"எவன்னு தெரியணும்ணே எனக்கு."

"அன்னிக்கி வரிசையில எவன் இல்லையோ அவன்தான். இராமசாமி இல்லையே. யூனியன் விசயத்துல மச்சானுக்கும் அவனுக்கும் ஆகாதுன்னு ஊருக்கே தெரியும்."

அன்றைக்குப் பிடித்ததுதான் இந்தச் சாபம். அன்று பெண்சாதியோடு ஆஸ்பத்திரியில் இருந்ததாக இராமசாமி சொன்னார். யார் கண்டது? தங்கையா அண்ணன் சொன்னால் போதும் அவளுக்கு. அவள் ஒரே மகளைப் படிக்க வைத்ததும், முன்னால் நின்று கொழும்பில் கட்டிக் கொடுத்ததும் அந்த அண்ணன்தான். காணாமல்போனவர்களைப் பற்றி விசாரிக்கிறோம் என்று எந்தக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தாலும், ஃபைலைத் தூக்கிக்கொண்டு அவளோடு பஸ் ஏறுகிறவரும் அவர்தான். அவள் அழுதால் அவரும் கூடவே அழுவார். அப்படிப்பட்ட அண்ணன் வாய்த்ததற்கு அவள் முனியாண்டிக்குப் பொங்கல்கூட வைத்திருக்கிறாள்.

இப்படி இருக்கும்போதுதான் சுஜீதா டீச்சர் நாடகம் போடப்போகிறேன் என்று வந்தாள்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த டீச்சர் அவள். எண்பத்து மூன்று கலவரத்தில் லயத்தோடு எரிந்தவர்கள், பிறகு பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள், அவர்கள் விட்டுப்போன குடும்பங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கதை கேட்டுப் போனில் பதிந்துகொண்டாள். அதையெல்லாம் சேர்த்து நாடகமாக எழுதி, அந்தப் பெரட்டுக்களத்திலேயே மேடை கட்டி ஆடுவதென்று முடிவு. நடிப்பதும் தோட்டத்து ஆட்கள்தான். கடைசிக் காட்சி மங்கையர்க்கரசி வீட்டுக் கதை.

"ஒங்க கதைய மேடையில போடலாமாக்கா? ஒங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேணாம்," என்று சுஜீதா கேட்டாள்.

"கஷ்டம் எனக்கில்ல டீச்சர். போடுங்க. ஒண்ணு விடாமப் போடுங்க," என்றாள் மங்கையர்க்கரசி. டீச்சர் அதைத் துணிச்சல் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

தங்கையாவுக்கு இது பிடிக்கவில்லை. "பழசக் கெளறி என்னாத்துக்கு? நாளைக்கி பொலிஸுல கூப்புட்டா டீச்சரா வருவா?" என்று இரண்டு நாள் முணுமுணுத்தார். மங்கையர்க்கரசி காதில் வாங்கவில்லை. அண்ணன் தன்னை நினைத்துப் பயப்படுகிறார் என்றுதான் அவளுக்குப் பட்டது. அதனாலேயே தன் மனதில் போட்டிருந்த கணக்கை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பார்.

தலையாட்டி வேசத்துக்கு சதீஸ்தான் கிடைத்தான். முப்பத்தைந்து வயதாகி, கலவானை டவுனில் திரீவீல் ஓட்டினாலும் அவனுக்குக் கூத்துக் கிறுக்கு விடவில்லை. மாசி மாதக் காமன் கூத்தில் ரதி வேசம் கட்டுகிறவன். ஒத்திகை நடந்த மூன்று வாரமும் அவன் சாக்கைப் போட்டுக்கொண்டு நேராக நடந்து வந்தான், தலையை ஆட்டினான், போனான். மங்கையர்க்கரசி வாயைத் திறக்கவில்லை. நாடகம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அவனைப் பிள்ளைக்காம்பராவுக்குக் கூப்பிட்டாள். தொட்டிலெல்லாம் சுருட்டிக் கட்டியிருந்தது.

"சதீஸு, கல்லுகிட்ட வந்ததும் நில்லு. செருப்பக் கழட்டு. கையி கட்டியிருக்கும், அதனால பெருவெரலாலேயே தள்ளிக்கிட்டு வா. தாண்டுனதும் போட்டுக்க."

"எதுக்கு அத்தே? அவன் வெளியூருக்காரனாச்சே."

"நான் சொன்னதச் செய்யி."

"டீச்சர் எழுதுனதுல அது இல்லையே."

"நான் பாத்ததுல இருக்கு."

சதீஸ் அவள் முகத்தையே பார்த்தான். அவன் ஒன்றும் முட்டாள் அல்ல. "அப்ப நம்ம ஆளா அத்தே?" என்று கேட்டான். "எவன்?"

"இன்னிக்கித் தெரிஞ்சுரும்," என்றாள் அவள்.

அவள் கணக்கு இதுதான். சனம் முழுக்கக் கூடியிருக்கும். இராமசாமி கோயில் தலைவர் என்ற முறையில் முன்வரிசையில் இருப்பார். செருப்புக் கழன்றதும் அத்தனை பேருக்கும் உண்மை விளங்கும். அன்றைக்கு வரிசையில் இல்லாதவன் யார் என்று ஒவ்வொருவரும் திரும்பிப் பார்ப்பார்கள். அத்தனை கண்ணுக்கும் நடுவில் அந்த மனுசன் கூசிக் குறுகி உட்கார்ந்திருக்க வேண்டும். செத்துத் தொலைந்தால்கூட அவளுக்குப் போதாது. சாவு வந்தால் ஒரு நாளில் முடிந்துபோகும். அவளைப்போலப் பதினேழு வருசம் அவன் இருந்து பார்க்க வேண்டும்.

பின்னேரம் மூன்று மணிக்கு நாடகம் தொடங்கியது. மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டு வந்து, வராமல் போய்விட்டது. முன்வரிசையில் வெள்ளை வேட்டியோடு இராமசாமி. மூன்றாவது வரிசையில் தங்கையா. மகன் நடிப்பதைப் பார்க்க மனைவி வற்புறுத்திக் கூட்டிவந்திருந்தாள். மகன் என்ன வேசம் என்று அவர் கேட்டுக்கொள்ளக்கூட இல்லை. மங்கையர்க்கரசி எல்லோரோடும் உட்காரவில்லை. பிள்ளைக்காம்பராவுக்குள் போய், அன்று நின்ற அதே ஜன்னலருகில் நின்றுகொண்டாள்.

எரிந்த லயத்துக் காட்சியில் கிழவிகள் வாய்விட்டு அழுதார்கள். கடைசிக் காட்சிக்கு ஆண்கள் பத்துப் பேர் மேடைக்கு முன்னால் தரையில் முழந்தாளிட்டார்கள். துவக்குக்காரர்களாக நடித்த பையன்கள் பாதை வழியாக ஓடிவந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு, மழைக்கோட்டோடு, கை பின்னால் கட்டியபடி சதீஸ் வந்தான். சனம் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது.

கல்லடியில் அவன் நின்றான். செருப்பைக் கழற்றினான். பெருவிரலால் ஒன்றை முன்னால் தள்ளினான். பிறகு மற்றதை. மறுபடி ஒன்றை. நாலு எட்டு.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண்பிள்ளை எழுந்து, "ஐயையோ, நம்ம ஆளுடி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதோடு கசமுசாவென்று சத்தம் கிளம்பியது. "வன்னிக்காரன்னாய்ங்களே!" "அன்னிக்கி எவன்டா வரிசையில இல்ல?" சுஜீதா டீச்சர் கையில் தாளோடு திகைத்து நின்றாள். அவள் எழுதாத நாடகம் அவள் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது.

மங்கையர்க்கரசி இராமசாமியை மட்டும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் எழுந்தார். முகம் சிவந்து, உதடு துடித்தது. யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று வழியை நோக்கி நடந்தார். ஓடுகிறான், மாட்டிக்கொண்டான் என்று அவள் நெஞ்சு துள்ளியது. பதினேழு வருசத்தில் அப்படி ஒரு சந்தோசம் அவளுக்கு வந்ததில்லை.

இராமசாமி கல்லடிக்குப் போனார். குனிந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். அந்த மனுசனுக்கு அந்த நேரத்தில் தான் செருப்பைக் கழற்றுகிறோம் என்ற நினைப்பே இல்லை, எப்போதும்போலக் கழற்றினார். பிறகு வெறுங்காலோடு கல் முன்னால் நின்று, தொண்டை கிழியக் கத்தினார்.

"முனியாண்டி! ஒன் முன்னாடி செருப்பக் கழட்டத் தெரிஞ்ச பய, எங்க புள்ளயக் காட்டிக் குடுத்தானா? இத்தன வருசமா எங்க கூடவே சோறு திங்கிறானா? எவன்னு காட்டு! இல்லாட்டி ஒனக்கு இனிமே பூச இல்ல!"

மங்கையர்க்கரசி பார்த்தது அவருடைய வெறுங்காலை. ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். குற்றம் செய்தவன் அந்தச் செருப்பை அப்படிக் கழற்றியிருக்க மாட்டான். நானூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் கால் யோசித்திருக்கும். கருவாடு பொரித்த வாசனை அவளுக்கு மூக்கில் அடித்தது.

அப்போதுதான் மூன்றாவது வரிசையில் தங்கையா எழுந்தார்.

மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். "எங்கங்க போறீங்க, ஒங்க மகன் நடிக்கிறான்." அவர் கையை உதறிவிட்டு நடந்தார். வேறு வழியில்லை, வெளியே போக அந்த ஒரே பாதைதான். சனம் பிரிந்து வழி விட்டது. தங்கையா கல்லடிக்கு வந்தார். எதிரே இராமசாமி வெறுங்காலோடு நின்றார். தங்கையா குனிந்து தன் காலைப் பார்த்தார். இடது குதிகால் செருப்பிலிருந்து மேலே எழும்பியது. எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. எழும்பிய குதிகாலைத் திரும்பச் செருப்புக்குள் திணித்தார். இரண்டு செருப்போடும் கல்லைத் தாண்டிப் போனார்.

"தங்கையாண்ணே, செருப்பு!" என்று ஒரு பெண் பதறிப்போய்க் கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை.

மங்கையர்க்கரசி ஜன்னலருகில் அப்படியே நின்றாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. ரம்புக்கனை, நொண்டின கால், கன்றின முதுகு, அவள் கையாலேயே தடவிய எண்ணெய். சதீஸ் முன்னால் வெகுநேரம் நின்ற சாக்குத் தலை. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அடுக்கிக்கொண்டது. இராமசாமியின் பெயரை அவள் காதில் போட்டதும் அதே வாய்தான்.

அவள் வெளியே வந்தாள். சதீஸ் கைக்கட்டை உருவிவிட்டு, சாக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அப்பன் போன பாதையைப் பார்த்தபடி நின்றான். அவள் அந்தச் சாக்கைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். கல்லடியில் தன் செருப்பைக் கழற்றினாள், அங்கேயே விட்டாள். கொழுந்து மடுவத்துக்குப் பின்புறம் பாதை திரும்பும் இடத்தில் தங்கையாவை எட்டிப் பிடித்தாள். அவர் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே."

"தங்கச்சி, நான் சொல்றதக் கேளு..."

"சொல்லு."

"ரயில்ல பிடிச்சுட்டாங்க. கையில அடையாள அட்ட இல்ல. ரெண்டு நாளு தொங்கப்போட்டு அடிச்சாங்க. சதீஸு பேரு அவங்க தாளுல இருந்துச்சு தங்கச்சி. அவனத்தான் காட்டச் சொன்னாங்க. நான் இல்லன்னேன். அப்ப வேற எவன்னு..."

"வரிசையில அம்பது பேரு இருந்தாங்க."

தங்கையா அழ ஆரம்பித்தார். பஸ்ஸில் அவளோடு சேர்ந்து அழுவாரே, அதே அழுகை. "வேற எவனக் காட்டுனாலும் அந்தக் குடும்பத்த யாரு பாப்பா? ஒன் குடும்பம்னா நான் பாத்துக்குவேன்னு நெனச்சேன். பாத்தேனா இல்லயா? சொல்லு. ஒனக்கு ஒரு கொற வெச்சேனா?"

அவளுக்கு அழுகை வரவில்லை. அவர் போட்ட சோறு, அவர் நடத்திக் கொடுத்த கல்யாணம், அவர் தூக்கிவந்த ஃபைல், ஒவ்வொன்றையும் அவர் மூஞ்சியிலேயே துப்ப வேண்டும்போல் இருந்தது.

"கொற வெக்கல," என்றாள். "இந்தா. போட்டுக்க."

"தங்கச்சி..."

"போட்டுக்கிட்டு வா. அன்னிக்கி எப்பிடி வந்தியோ அப்பிடியே வா. இல்லாட்டி நான் இப்பவே போயி ஒன் மகன்கிட்ட என் வாயால சொல்றேன். எது வேணும்?"

தங்கையா சாக்கை வாங்கினார். அவர் மாட்டியதில் ஓட்டை கண்ணுக்கு நேராக வரவில்லை. அவளே இழுத்துச் சரிசெய்தாள். பிறகு முழங்கையைப் பிடித்து, வந்த வழியே அவரைக் கூட்டிக்கொண்டு போனாள்.

சனம் மறுபடி கழுத்தைத் திருப்பியது. கல்லடிக்கு வந்ததும் சாக்குப் போட்ட ஆள் நின்றார். கை கட்டியிருக்கவில்லை. ஆனாலும் கால் தானாகச் செருப்பைவிட்டு வெளியே வந்தது. பெருவிரல் ஒன்றை முன்னால் தள்ளியது. பிறகு மற்றதை. இராமசாமி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

மங்கையர்க்கரசி அவரைப் பெரட்டுக்களத்தின் நடுவுக்குக் கொண்டுபோனாள். சதீஸை அன்று அவன் இருந்த இடத்திலேயே முழந்தாளிட வைத்து, அவன் முன்னால் அவரை நிறுத்தினாள். சதீஸுக்கு அழுகையில் தோள் குலுங்கியது. "வேணாம் அத்தே," என்றான். அவள் கேட்கவில்லை. அன்று துவக்குக்காரன் கேட்ட அதே குரலில், அதே பாசையில் கேட்டாள்.

"மெயாத?"

சாக்குத் தலை இல்லை என்று ஆடியது.

"மெயாத?"

மறுபடியும் இல்லை என்று ஆடியது.

அவள் ஒரு எட்டு நகர்ந்தாள். சதீஸுக்குப் பக்கத்தில், கிருஷ்ணகுமார் அன்று முழந்தாளிட்டிருந்த இடம். அங்கே இப்போது யாரும் இல்லை. தரைதான் இருந்தது. அவள் அந்தத் தரையைக் கையால் காட்டினாள்.

"எஹெனங் கவ்த? மெயாத?"

சாக்குத் தலை அசையவில்லை. சுஜீதா டீச்சர் கிட்டே வந்து, "அக்கா, போதும்," என்று அவள் தோளைத் தொட்டாள். மங்கையர்க்கரசி தோளை உதறினாள். அவள் கை அந்த வெறும் தரையைக் காட்டியபடியே நின்றது.

சாக்குத் தலை ஒரு தடவை மேலும் கீழும் ஆடியது.

சதீஸ் எழுந்து இரண்டு எட்டுப் பின்னால் போனான். அப்பனைப் பார்க்காமல், கல்லடியில் கிடந்த அவர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, பாதைப் பக்கம் போகாமல் சரிவில் இறங்கிப் போய்விட்டான். மகன் போவதைத் தங்கையா ஓட்டை வழியாகப் பார்த்தார். சாக்கைக் கழற்றக் கையைத் தூக்கினார்.

"கழட்டாத," என்றாள் மங்கையர்க்கரசி. "எல்லாரும் பாத்து முடியட்டும்."

கை கீழே இறங்கியது. மேலே மேகம் கலைந்து வெயில் அடித்தது. அந்த வெயிலில் சாக்கோடு அவர் நின்றார். நானூறு பேரும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். சாக்கை எடுக்கச் சொல்லி ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.